மார்த்தாண்டவர்மா சுபத்திரையை ரோல்பிளே சாகசத்தில் சேர்த்து விற்கலாமா?

களியக்காவிளைப் பக்கம் டேபிள்டாப் ரோல்பிளே (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை நடத்தும் ஆட்டம்) ஆடும் குழுவின் கேள்வி: சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் மார்த்தாண்டவர்மாவில் வரும் சுபத்திரை, பொன்னியின் செல்வன் நந்தினி, எம்.டி. வாசுதேவன் நாயரின் மலையாள நாவல் ரண்டாமூழத்தின் பீமன் மூவரையும் வைத்து எழுதிய சாகசத்தை பிடிஎஃப்பாக விற்கலாமா, உரிமை யாருக்கு?

வீட்டுக்குள் ஆட யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெளியில் விட்டால்தான் கணக்கு, இலவசமாகக் கொடுத்தாலும். இந்தியாவில் எழுத்தாளர் இறந்ததற்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருடம் பதிப்புரிமை. சி.வி. ராமன் பிள்ளை 1922-ல் மறைந்தார், சுபத்திரை இப்போது எல்லோருக்கும் பொது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை, நந்தினியும் தாராளமாக வரலாம். எம்.டி. மறைந்தது 2024 டிசம்பரில். அந்த நாவலின் பீமனை 2084 முடியும்வரை அனுமதியில்லாமல் விற்க முடியாது. வியாச பாரதத்துப் பீமனை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எம்.டி. சேர்த்த மனப்புழுக்கமும் சம்பவங்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தால் பேரை மாற்றியும் பயனில்லை. பொதுவான வகையாக இருந்தால் மட்டுமே பேர் மாற்றம் கைகொடுக்கும்: டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்தில் டோல்கீன் கதைகளின் குள்ள மனிதர்களான ‘ஹாபிட்’ ‘ஹாஃப்லிங்’ ஆனது அப்படித்தான்.

பலரும் மாட்டுவது பழைய நாவலில் இல்லை, அதன்மேல் பின்னால் ஏறியதில். தமிழ் மொழிபெயர்ப்பின் வாக்கியங்கள், பத்திரிகை ஓவியங்கள், சினிமா உடையலங்காரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி உரிமையாளர்கள். நெட்டில் கிடைத்த நந்தினி படத்தை அட்டையில் போடாதீர்கள், புதிதாக வரையச் சொல்லுங்கள். விதிகளுக்கு டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ எடுத்தால் அது சிசி-பை 4.0 (பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற) உரிமத்தில் இருக்கிறது, அவர்கள் கொடுத்திருக்கும் நன்றி வாசகத்தை அப்படியே அச்சிட வேண்டும்.

அடுத்தது உங்களுக்குள் வரும் சண்டை. ஆட்டத்தில் ஒருவர் உருவாக்கிய வீரனை இன்னொருவர் எழுதி விற்றால் மனக்கசப்பு நிச்சயம். ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி காலம் குறிக்காத உரிமை மாற்றம் 5 வருடம்தான், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூரில் ஒருத்தர் வாங்குவார் என்றால் ‘உலகம் முழுவதும்’ என்று எழுதியே ஆக வேண்டும்.

சாகசத்துக்குள் சுபத்திரையை பிளேயர் கையில் கொடுக்காதீர்கள், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரிடமே இருக்கட்டும். அவளுக்கு மூன்று வரி போதும்: என்ன வேண்டும், என்ன தெரியும், எதைச் சொல்ல மாட்டாள். ஓர் இரவு ஆட்டத்தில் இரண்டு காட்சிக்கு மேல் வந்தால் அவளே எல்லாவற்றையும் தீர்த்துவிடுவாள், பிளேயர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சதி நடக்கும் இடத்தை அவள் காட்டட்டும், உள்ளே நுழைந்து டைஸ் உருட்டுவது அவர்கள் வேலை.

மார்த்தாண்டவர்மா நாவலைப் படித்தவர் ஒருவராவது இருப்பார். பஞ்சவன்காட்டில் வெட்டுப்பட்ட அனந்தபத்மநாபன் சாகவில்லை, பைத்தியக்கார வேஷத்தில் திரிகிறான் என்பது அவருக்குத் தெரியும். அந்த முடிச்சை நம்பிச் சாகசம் கட்டினால் முதல் அரைமணியிலேயே உடையும். காட்டுக்கு மறுநாள் காலையில் ஆரம்பியுங்கள்: ரத்தம் இருக்கிறது, உடல் இல்லை, நாவலில் இளவரசர் மார்த்தாண்டவர்மாவின் பக்கம் நிற்கும் மாங்கோயிக்கல் குறுப்பின் ஆட்களாக நாலு பிளேயர்கள். பைத்தியக்காரன் யார் என்பதை விட்டுவிட்டு, இளவரசருக்கு எதிராகச் சதி செய்யும் எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு உளவு சொல்வது யார் என்று நீங்களாகவே ஒரு புது ரகசியம் வையுங்கள். படித்தவருக்கும் அதற்கு விடை தெரியாது, அந்தப் புது உளவாளி முழுக்க உங்கள் சொத்து.