இங்கிலாந்தில் மடக்குக்கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போகலாமா?

தம்பி, செப்டம்பரில் லெஸ்டருக்குப் படிக்க வரும்போது அப்பா கொடுத்த சிவப்புச் சுவிஸ் மடக்குக்கத்தியையும், குறடும் திருப்புளியும் சேர்ந்த மல்ட்டி டூல் ஒன்றையும் கொண்டுவரலாமா, ஊர் சுற்றப் போகும்போது அவற்றைப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் கொண்டுவரலாம். ஆனால் வெளியே எடுத்துச் செல்லும் விஷயத்தில் சட்டம் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கூர்மையான பொருளை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அதற்கு விலக்கு, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேற்படாத மடக்குக்கத்தி. நம்மவர்கள் பலர் இந்த அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். விரித்த பிறகு பூட்டிக்கொள்ளும் கத்தி, அதாவது பொத்தானையோ நெம்பையோ அழுத்தினால்தான் மடியும் கத்தி, இந்த விலக்கில் அடங்காது என்று நீதிமன்றங்கள் 1990-களிலேயே தீர்ப்பளித்துவிட்டன. அதன் அலகு 2 அங்குலமே இருந்தாலும் சரி. மல்ட்டி டூல்களில் பெரும்பாலானவற்றின் கத்தி இப்படிப் பூட்டிக்கொள்வதுதான். ஆகவே கத்தியை விரித்து, அலகின் முதுகை மெல்ல அழுத்திப் பாருங்கள். தானே மடிந்தால், நீளத்தையும் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மடியாவிட்டால் அது அறையிலேயே இருக்கட்டும். மடங்காத கத்திக்கு, அது பழம் நறுக்கும் சிறு கத்தியானாலும், இந்த விலக்கு கிடையாது.

தக்க காரணம் இருந்தால் மற்றக் கத்திகளையும் எடுத்துச் செல்லலாம் என்பது உண்மை. ஆனால் அந்தக் காரணத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் நீங்கள்தான். வேலைக்குத் தன் கத்திகளைக் கொண்டுபோகும் சமையற்காரருக்கும், சமயக் கடமையாகக் கிர்பான் என்னும் குறுவாளை அணியும் சீக்கியருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. உங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம் மாணவர்களில் பலர் உணவக அடுக்களைகளில் பகுதிநேர வேலைக்குப் போகிறார்கள். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் கத்தி பையில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது; அதே கத்தி மறுநாள் நண்பர்களோடு படம் பார்க்கப் போகும்போதும் அதே பையில் கிடந்தால், எடுத்துவைக்க மறந்துவிட்டேன் என்பதை மட்டும் நீதிமன்றம் காரணமாக ஏற்காது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரவில் தனியாக நடக்கிறேன், தற்காப்புக்காக வைத்திருக்கிறேன் என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். அந்த நோக்கம் இருந்தால், அளவுக்குட்பட்ட சுவிஸ் கத்தியும்கூட 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாக்கும் ஆயுதமாகக் கருதப்படலாம். கத்திக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டுச் சிறை. சிறைக்குப் போகாமல் காவல்துறை எச்சரிக்கையோடு முடிந்தாலும், பின்னர் விசா விண்ணப்பத்தில் அதைத் தெரிவிக்க வேண்டியிருக்கும். மாணவருக்கு உண்மையான இழப்பு அங்கேதான் என்பது என் கருத்து.

சாதாரணமாகக் காவலர் உங்களைச் சோதிக்க நியாயமான சந்தேகம் வேண்டும். ஆனால் வன்முறை நிகழக்கூடும் என்று குறிப்பிட்ட பகுதிக்குக் குறிப்பிட்ட நேரம் அறிவிப்பு வந்துவிட்டால், சந்தேகமின்றியும் சோதிக்கலாம். அப்போது பதறாமல் நில்லுங்கள். சோதனைக்கான பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

விமானத்தில் வரும்போது சுவிஸ் கத்தி, மல்ட்டி டூல் இரண்டையும் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பேனா, சாவி, லைட்டர் போன்ற தோற்றத்தில் மறைத்துச் செய்த கத்திகளையும், பொத்தானைத் தட்டினால் பாயும் கத்திகளையும் விளையாட்டுக்குக்கூடக் கொண்டுவராதீர்கள். அவற்றை வீட்டுக்குள் வைத்திருப்பதே இங்கே குற்றம்.

விடுமுறையில் ஐரோப்பா போவதாக இருந்தால் இந்த 3 அங்குலக் கணக்கை அங்கே நம்பக் கூடாது. ஜெர்மனியில் ஒரு கையால் விரித்துப் பூட்டிக்கொள்ளும் கத்திகளுக்கு முன்பே கட்டுப்பாடு இருந்தது. அந்நாட்டின் சோலிங்கன் நகரில் நடந்த கத்தித் தாக்குதலுக்குப் பிறகு, 2024 அக்டோபர் இறுதியிலிருந்து திருவிழாக்களிலும் நெடுந்தொலைவு ரயில்களிலும் கத்தி கொண்டுசெல்வதற்கு, சில விலக்குகளோடு, தடை வந்திருக்கிறது. அந்தப் பயணத்துக்குச் சுவிஸ் கத்தியையும் விட்டுச்செல்வதே நல்லது.

சமையலுக்குக் கத்தியை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; இளமையாகத் தெரிந்தால் கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். வாங்கியதும் உறையைப் பிரிக்காமல், ரசீதோடு நேரே அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.