பழைய வீட்டை இடிச்சு வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது காண்ட்ராக்டர் சொல்ற வார்த்தைக்கெல்லாம் என்ன அர்த்தம்?

மதுரைல அப்பா காலத்து மாடி வீட்டை இடிச்சிட்டு புதுசா கட்டப் போறோம், யூனிட், பிரேக்கர், டிஸ்மேண்டில்னு காண்ட்ராக்டர் பேசுறது ஒண்ணும் புரியலன்னு கேட்டிருக்கீங்க. நான் சைட் சூப்பர்வைசர், தினமும் இதே பேச்சுதான், அதனால உங்க பணமும் ஆளுங்க உயிரும் எந்த வார்த்தைல மாட்டியிருக்கோ அதை மட்டும் சொல்றேன்.

முதல்ல யூனிட். ஒரு யூனிட்னா 100 கன அடி. இதுல சண்டை எங்க வரும்னா, அளவு குழில எடுக்குறதா இல்ல லாரில எடுக்குறதாங்கிறதுலதான். 5க்கு 5, ஆழம் 6 அடின்னு ஒரு காலம் குழி, அதாவது தூண் நிறுத்துற குழி, தோண்டினா 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட், பத்து குழிக்கு 15 யூனிட். ஆனா தோண்டின மண்ணு இளகி உப்பிடும், சாதாரணமா 20லேர்ந்து 30 சதவீதம் கூடும், கரிசல் களிமண்ணுன்னா அதுக்கும் மேல. அதனால அதே மண்ணை டிப்பர்ல ஏத்தும்போது 18, 19 யூனிட்னு கணக்கு வரும், அது ஏமாத்து இல்ல. தோண்டுற கூலி குழி அளவுக்கு, அள்ளிட்டுப் போற வாடகை லோடு அளவுக்குன்னு முன்னாடியே பேசி எழுதி வாங்கிக்கோங்க. டிப்பர் பாடியோட நீளம் அகலம் உயரத்தை நீங்களே டேப் வச்சு அளந்து பெருக்கி 100ஆல வகுத்துப் பாருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

எல்லா மண்ணையும் வெளிய அனுப்பிடாதீங்க. ஃபுட்டிங், அதாவது தூணுக்கு அடில வர்ற கான்கிரீட் அடித்தளம், போட்டு முடிஞ்சதும் குழியை திரும்ப மூடணும், அதான் பேக் ஃபில்லிங், அதுக்கு மண்ணு வேணும்ல. அந்த இடத்துல இடிச்ச ரப்பிஸை (இடிபாட்டுக் குப்பையை) போட்டு மூடலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, உள்ள மரத்துண்டு கிடந்தா கரையான் வரும், இடைவெளி விட்டு நாளைக்கு தரை இறங்கும்.

அப்புறம் பேஸ்மென்ட். நம்ம ஊர்ல கொத்தனார் பேஸ்மென்ட் மூணு அடின்னு சொன்னா தரைக்கு மேல தூக்குற மேடை, ஆர்க்கிடெக்ட் பிளான்ல பேஸ்மென்ட்னா தரைக்குக் கீழ உள்ள தளம். ரெண்டு பேருகிட்டயும் எதுன்னு கேட்டுடுங்க.

டிஸ்மேண்டில்னா கதவு, ஜன்னல், கிரில், தேக்கு மரம்னு திரும்ப விலை போறதை உடையாம கழட்டுறது. டெமாலிஷன்னா இடிச்சுத் தள்ளுறது. பழைய கம்பி, மரம் யாருக்குங்கிறதைப் பொறுத்துதான் ரேட்டே, சில வீட்டுக்கு இடிக்கிறவங்களே நமக்குப் பணம் தருவாங்க. பிரேக்கர்ங்கிறது மண்ணு தோண்டுற மெஷின்ல பக்கெட்டுக்குப் பதிலா மாட்டுற உளி, கான்கிரீட் உடைக்க, வாடகை கூட. சென்னை மௌலிவாக்கத்துல 2016 நவம்பர்ல 11 மாடியை வெடி வச்சு இறக்கினாங்களே, அந்த மாதிரி எல்லாம் வீட்டுக்குத் தேவையே இல்ல.

இடிக்கிற வரிசை மட்டும் மாறவே கூடாது. மேலேர்ந்து கீழ, முதல்ல ஸ்லாப் (மேல் தளம்), அப்புறம் பீம் (தளத்தைத் தாங்குற உத்தரம்), கடைசிலதான் காலம் (தூண்). சீக்கிரம் முடியும்னு கீழ உள்ள தூணை முதல்ல தட்ட வந்தா வேலையை உடனே நிறுத்துங்க, உள்ள நிக்கிறது கூலிக்கு வந்த மனுசங்க.

சோரிங்னா குழியோட பக்கச் சுவர் சரியாம பலகை, சவுக்கு கம்பு, ஷீட் வச்சு முட்டுக் கொடுக்குறது. அஞ்சு அடிக்கு மேல ஆழம் போனா எனக்கு இதுல விட்டுக்கொடுக்குற பேச்சே கிடையாது, மண்ணு சரியிறப்ப மேல ஏறி வர நேரம் கிடைக்காது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டினா அவங்க அஸ்திவாரமும் ஆடும், அதனால அங்க கொஞ்சம் கொஞ்சமா தோண்டி உடனுக்குடனே கட்டி வரச் சொல்லுங்க. தோண்டின மண்ணை குழி ஓரத்துலயே குவிக்கவும் விடாதீங்க.

மெஷின் வர்றதுக்கு முன்னாடி ஈபி லைனை ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து கம்பத்துலேர்ந்தே கட் பண்ணிடுங்க, பழைய செப்டிக் டேங்க், கிணறு எங்க இருக்குன்னு சுண்ணாம்பால கோடு போட்டு ஆபரேட்டருக்கு நேர்லயே காட்டிடுங்க, மூடி மேல வண்டி ஏறினா உள்ள இறங்கிடும்.