லுசைல் அரங்கம்: 80,000 இருக்கைகளா, 88,966 இருக்கைகளா?

கத்தாரில் நடந்த 2022 கால்பந்து உலகக் கோப்பைக்கான உங்கள் அட்டவணையில் லுசைல் அரங்கின் கொள்ளளவை 88,966 என்றே குறியுங்கள். இருக்கைகள் 80,000 என்றிருக்க, இறுதிப் போட்டியின் பார்வையாளர்கள் மட்டும் 88,966 பேர் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அது அச்சுப்பிழை அன்று.

இறுதிப் போட்டி நடக்கும் அரங்கில் குறைந்தது 80,000, அரையிறுதிக்கு 60,000, பிற பெரும்பாலான ஆட்டங்களுக்கு 40,000 இருக்கைகள் வேண்டும் என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் நிபந்தனை. உலகக் கோப்பைக்கு முன்பு வெளியான பட்டியல்கள் பெரும்பாலும் இந்த முழு எண்களையே கொள்ளளவு என்று அச்சிட்டன. ஆட்டங்கள் தொடங்கி, பார்வையாளர் எண்ணிக்கை அவற்றைத் தாண்டிய பிறகுதான் திருத்திய எண்கள் வந்தன. கப்பல் கொள்கலன்களைக் கொண்டு கட்டப்பட்ட 974 அரங்கமும் இப்படித்தான் 40,000-இலிருந்து 44,089 ஆனது.

ஐயமிருந்தால், ஒரே அரங்கின் எல்லா ஆட்டங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். அர்ஜென்டினா லுசைலில் சவூதி அரேபியாவுடன் ஆடியபோது 88,012 பேர். மெக்சிகோ, குரோஷியா, பிரான்ஸ் ஆகிய மூன்று அணிகளுடன் ஆடியபோதும் அச்சு மாறாமல் 88,966. உச்ச எண் இப்படித் திரும்பத் திரும்ப வந்தால், அதுவே அரங்கு நிறைந்த கணக்கு.

ஆனால் இந்த எண்ணை அந்த ஓர் உலகக் கோப்பைக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். ஊடகத்தினருக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்கும் இடங்கள் தொடருக்குத் தொடர் மாறுபடுவதால், விற்பனைக்கு வரும் இருக்கைகளும் மாறும்.