சதுர அடிக் கணக்கும் சுவரின் கணக்கும்

கேள்வி: காரைக்குடியை அடுத்த ஒரு சிற்றூரில் வசிக்கிறேன், ஓவியப் பட்டயப் படிப்பு முடித்து, கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் வரைந்து வருகிறேன். கானாடுகாத்தானில் பழைய வீடொன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கும் ஒருவர், புதிதாகக் கட்டிய உணவுக்கூடத்தில் 10 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள சுவரில் மாப்பிள்ளை அழைப்புக் காட்சியொன்றை வரைந்து தரும்படி கேட்டார். சதுர அடிக்கு எவ்வளவு என்று அவர் வினவியதும் 250 ரூபாய் என்று சொல்லிவிட்டேன்; மறுபேச்சில்லாமல் அவர் சரி என்றது எனக்குக் கலக்கமாக இருக்கிறது. தேவகோட்டையில் ஓர் ஆச்சியோ, தம் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், தூண்களுக்கு மேலே மங்கிப்போயிருக்கும் கிளியையும் தாமரைக் கொடியையும் 'பளிச்சென்று' ஆக்கித் தரச் சொல்கிறார். 'நம்ம வீட்டுப் பொண்ணுதானே, பாத்துப் போட்டுச் சொல்லு ஆத்தா' என்கிறார். இவ்விருவருக்கும் எப்படி விலை சொல்வது?

பதில்: உங்கள் கலக்கம் நியாயமானதே. சதுர அடிக் கணக்கு என்பது வெள்ளையடிப்பவருக்கும் தரைக்கல் பதிப்பவருக்கும் பொருந்துவது. அங்கே முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் வேலை ஒன்றுதான். ஓவியத்தில் அப்படியில்லை. கொடியும் பூவுமாக நிரப்பும் இடத்தில் ஒரு நாளில் பத்து சதுர அடியைத் தாண்டிவிடும் என் கை, மணமகளின் முகம் ஒன்றிலேயே நாள் முழுக்க நின்றுவிடுவதுண்டு. ஆகையால் கணக்கை நாளில் போடுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் கடைசியில் அதைச் சதுர அடியாக மாற்றிச் சொல்லுங்கள்.

முதலில் உங்கள் நாள் கூலியை நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். குடும்பத்திற்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். வேலை தேடுவதிலும், சுவர் பார்க்கப் போவதிலும், மழையிலும், பண்டிகையிலும் பாதி மாதம் கழிந்துவிடுகிறது. தூரிகை பிடிக்கும் நாட்கள் 15 என்றால் நாள் கூலி 2,000 ரூபாய். முப்பதால் வகுத்து 1,000 ரூபாய் என்று சொல்பவர் பாதி மாதம் பட்டினி கிடக்கச் சம்மதித்தவர் ஆகிறார். இந்தத் தவற்றை நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

இனி உங்கள் 80 சதுர அடிச் சுவரை எடுத்துக்கொள்வோம். படம் போட்டு ஒப்புதல் வாங்க 2 நாள், சுவரைத் தேய்த்துப் பட்டி பார்த்துப் பிரைமர் அடிக்க 2 நாள், வரைய 8 நாள், ஆக 12 நாளுக்கு உங்கள் கூலி 24,000. உதவியாளர் ஒருவருக்கு 10 நாளுக்கு, நாளொன்றுக்கு 900 வீதம் 9,000. அக்ரிலிக் வண்ணங்கள், தூரிகைகள், மேற்பூச்சு வார்னிஷ் ஆகியவற்றுக்கு 7,000. உயரத்தில் நின்று வரையக் கட்டும் சாரத்திற்கும் போக்குவரத்திற்கும் 4,000. கூட்டினால் 44,000, எதிர்பாராத செலவுக்கென்று பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 48,400. இதை 80ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 605 ரூபாய் வருகிறது. கூலியும் பொருள் விலையும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் தொகைகளை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் நீங்கள் சொன்ன 250க்கு மொத்தம் 20,000தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். உதவியாளரும் வண்ணமும் சாரமும் போக உங்கள் கையில் எதுவும் நிற்காது.

சொன்ன சொல்லை மாற்றுவது எப்படி என்று தயங்காதீர்கள். "சுவரை நேரில் பார்ப்பதற்கு முன் சொன்ன விலை அது, பார்த்தபின் இதுதான் கணக்கு" என்று செலவு விவரத்தை எழுதிக் கையில் கொடுங்கள். அவர் தொகையைக் குறைக்கச் சொன்னால் கூலியைக் குறைக்காமல் வேலையைக் குறையுங்கள்: ஊர்வலத்தில் பன்னிரண்டு பேருக்குப் பதில் ஐந்து பேர், மிச்ச இடத்தில் ஆத்தங்குடித் தரைக்கல்லில் வரும் பூவேலை. விடுதிக்காரர்கள் இந்தப் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அவர்களும் அறை வாடகையை அப்படித்தான் நிர்ணயிக்கிறார்கள்.

சுவரைப் பார்க்காமல் விலை சொல்லக்கூடாது என்பதை நான் பள்ளத்தூரில் கற்றுக்கொண்டேன். தொலைபேசியில் அளவு கேட்டு விலை பேசி, பெட்டியோடு போய் இறங்கினால், வரைய வேண்டிய இடம் முகப்பு வளைவுக்கு மேலே, தரையிலிருந்து பதினெட்டு அடி உயரத்தில் இருந்தது. வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. நான் உயரத்தைக் கேட்கவில்லை. சாரத்திற்கும் சாரம் கட்டியவர்களுக்கும் கொடுத்தது போக, ஒன்பது நாள் வேலைக்கு எனக்கு மிஞ்சியது பேருந்துக் கட்டணம்.

பார்க்கும்போது கையையும் பயன்படுத்துங்கள். உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள்; வெள்ளையாக மாவு ஒட்டினால் அந்தப் பூச்சின்மேல் எந்த வண்ணமும் நிற்காது. இரண்டடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டி மறுநாள் பிரித்துப் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை உப்புப் பூத்திருந்தால், நிலத்தின் நீரைச் சுவர் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு, கொத்தனாரின் வேலை; உங்கள் மதிப்பீட்டில் அது சேராது என்று எழுதிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வளவுக்குள் இறங்கும் வீடுகளில் அந்த இரண்டு மாதமும் வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

ஆச்சியின் வீடு வேறு கதை. செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் சுவர் சுண்ணாம்புச் சாந்தைப் பல அடுக்காகப் பூசி, முட்டை வெண்கரு சேர்த்த கடைசிப் பூச்சைக் கண்ணாடிபோல் மெருகேற்றியது. அந்த வழவழப்பில் அக்ரிலிக் வண்ணம் பிடிக்காது. பிடிக்கவேண்டும் என்று உப்புத்தாள் போட்டுச் சுரண்டினால், இன்று எளிதில் திரும்பப் பெற முடியாத பூச்சை அழித்தவர் ஆவீர்கள். பிடித்தாலும், சுண்ணாம்புச் சுவர் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேலே பிளாஸ்டிக் படலம்போல் வண்ணம் மூடினால் ஈரம் தேங்கி, ஓரிரு மழைக்காலத்தில் பொரிந்து உதிரும். அதற்கான பழியும் உங்கள்மேல்தான் வரும்.

அதைவிட முக்கியம், மங்கிய கிளியின்மேல் புதுக்கிளி வரைவது புதுப்பித்தலாகாது. பழைய ஓவியரின் கையை மறைப்பதாகும். பழைய சுவரோவியத்தைத் தூசு நீக்கி, உதிரும் இடத்தைப் பிடித்து நிறுத்துவது பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரின் வேலை. அதற்குச் சதுர அடி விலை ஒத்துவராது, நாள் கணக்குதான் பொருந்தும். பழைய குகை ஓவியங்கள் உள்ள சித்தன்னவாசல் இங்கிருந்து தொலைவில் இல்லை. அங்கே மங்கியதை மங்கியபடியே காக்கிறார்கள் என்பதை ஆச்சியிடம் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். "ஆச்சி, இதைத் தொட்டால் உங்கள் வீட்டு மதிப்புக் குறையும், இதே கிளியைத் துணியில் வரைந்து சட்டமிட்டுப் பட்டாலையில் மாட்டித் தருகிறேன்" என்று சொல்லிப் பார்க்கலாம். கித்தான் துணியில் வரையும் வேலையை உங்கள் வீட்டிலேயே செய்யலாம், சாரம் வேண்டாம், ஆகையால் அதற்கு உண்மையாகவே விலை குறையும். 'நம்ம பொண்ணு' என்ற சொல்லுக்கு அந்தக் குறைவே போதும்.

கேள்வி: பாதி வேலையில் 'நிறம் மாற்று, ஆளை மாற்று' என்று இழுத்தடிக்கிறார்கள். முன்பணம் எவ்வளவு வாங்கலாம்?

பதில்: படம் போட்டுத் தருவதற்கென்று தனித் தொகையை முதலிலேயே வாங்கிவிடுங்கள், வேலை வராமல் போனாலும் அது உங்களுடையது. படத்தில் இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவது முறைக்கு நாள் கூலி, சுவரில் வண்ணம் ஏறியபின் எந்தத் திருத்தத்திற்கும் நாள் கூலி என்று தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். ஒப்புதல் கொடுத்த படத்தின் நகலிலும் கையொப்பம் இருக்கட்டும். மொத்தத் தொகையில் 40 விழுக்காடு பொருள் வாங்கும் முன், 40 விழுக்காடு கோட்டுருவம் சுவரில் முடிந்ததும், மீதி 20 சாரம் பிரிக்கும் நாளில் என்பது எனக்கு ஒத்துவந்த முறை. சாரத்தைப் பிரித்துவிட்டு மீதியைக் கேட்டுப் போனவன் ஒரு வருடம் நடந்தேன்.

கேள்வி: நான் வரைந்த சுவரோவியத்தைப் படமெடுத்து, விடுதி தன் உணவுப் பட்டியலிலும் பைகளிலும் அச்சிட்டிருக்கிறது. தடுக்க முடியுமா?

பதில்: எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் தடுப்பது கடினம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், ஒருவர் கேட்டு, அவர் தரும் பணத்திற்காக வரைந்த ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கேட்டவருக்கே முதலில் உரியது என்கிறது. ஓவியர் பலருக்கு இது தெரியாது. ஆகவே விலைத்தாளிலேயே "இந்தத் தொகை சுவருக்கு மட்டும், அச்சிடுவதற்குத் தனித் தொகை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பதிப்புரிமை கைமாறினாலும், வரைந்தவர் நீங்கள் என்று சொல்லும் உரிமையும், படைப்பைச் சிதைத்து உங்கள் பெயருக்கு இழுக்கு வரச் செய்வதை எதிர்க்கும் உரிமையும் 57ஆவது பிரிவின்படி உங்களிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டபோது, அவர் தொடர்ந்த வழக்கில் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. உங்கள் விடுதிக்காரர் அடுத்த முறை பை அச்சடிக்கும்போது ஓவியத்தின் கீழ் உங்கள் பெயரைப் போடும்படி கடிதம் எழுதுங்கள்; அதைக் கேட்க அந்தப் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும்.