யாருமே சாகாத சண்டைப் படம்

கேள்வி: குங்ஃபூ படம் என்றால் நடிகர்கள் பெயர்தான் தெரிகிறது. இயக்குநர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சந்தேகமே இல்லாமல் ஹாங்காங்கின் லாவ் கார்-லியுங். ‘ஹுங் கார்’ என்ற தென்சீன வித்தை அவருக்குக் குடும்பச் சொத்து. புகழ்பெற்ற குரு வோங் ஃபெய்-ஹங்கின் சீடர் லாம் சாய்-விங். அவருடைய சீடர் லாவின் அப்பா. அதே வோங் ஃபெய்-ஹங்கைப் பற்றி 1950களில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களில் துணை நடிகராகத்தான் லாவ் தொழிலுக்கு வந்தார். அப்புறம் ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோவில் ஸ்டண்ட் மாஸ்டர், 1975-ல் இயக்குநர்.

1978-ல் வந்த ‘ஷாவ்லினின் 36வது அறை’ பழிவாங்கும் கதைதான். ஆனால் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சி! இரு கைகளையும் நீட்டித் தண்ணீர் வாளி சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் புஜத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். ஒருவன் வித்தை கற்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை. நாயகன் கோர்டன் லியூ, லாவ் குடும்பத்தின் வளர்ப்புப் பிள்ளை.

கேள்வி: அவர் படங்களை என் பையனுக்குக் காட்டலாமா? ரத்தம் அதிகமோ?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ‘கிழக்கின் வீரர்கள்’ படத்தைத் தைரியமாகக் காட்டுங்கள், அம்மா. அதுவும் 1978தான். சீனக் கணவன், ஜப்பானிய மனைவி. யாருடைய வித்தை உசத்தி என்று வீட்டுக்குள்ளேயே சண்டை. பிறகு கராத்தே, ஜூடோ, வாள் என ஜப்பானிய வித்தைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மோதுகிறார்கள். ஒருவரும் சாவதில்லை. ஜப்பானியரை வில்லனாகவே காட்டிப் பழகிய ஹாங்காங் சினிமாவில் லாவ் அவர்களுக்கு மரியாதை கொடுத்தார். இதற்காகவே அவரைக் கொண்டாடுவேன்.

1984-ல் வந்த ‘எட்டு வடிவக் கம்பு வீரன்’ மட்டும் பையன் வளர்ந்த பிறகு. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1983-ல், நடிகர் அலெக்சாண்டர் ஃபூ ஷெங் கார் விபத்தில் இறந்தார். கதையையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்தத் துக்கம் கடைசிக் கம்புச் சண்டையில் ஆவேசமாக இறங்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ஜாக்கி சானோடு ஏன் ஒத்துப்போகவில்லை?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: 1994-ல் வந்த ‘டிரங்கன் மாஸ்டர்’ இரண்டாம் பாகத்தில், சண்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு. லாவ் விலகினார், கிளைமாக்ஸை ஜாக்கி முடித்தார். அது பிரமாதம், மறுக்க மாட்டேன். ஆனால் அறுபதை நெருங்கிய வயதில் லாவ், ரயிலுக்கு அடியில் குனிந்தபடியே ஜாக்கியோடு மோதுகிறாரே, முதலில் அதைப் பாருங்கள்.