மதுரை: ஒரே நாளில் மண் பாதை, வயல், கோயில்

நண்பகலில் நடை சாத்திவிடுவதால், 150 சிசி வண்டியில் மண் பாதை, வயல்வெளி, கோயில் மூன்றும் ஒரே நாளில் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கூடும், நடை சாத்தியிருக்கும் நேரத்தை மண் பாதைக்கு ஒதுக்குங்கள். காலையிலேயே ஒத்தக்கடை வழியாகச் சென்று, ஆனைமலை அடிவாரத்து நரசிங்கப் பெருமாளையும் திருமோகூர் காளமேகப் பெருமாளையும் தரிசித்துவிட்டு, மேலூர்ச் சாலையிலிருந்து பிரிந்து, பெரியாற்றுப் பாசன வயல்களினூடே அரிட்டாபட்டிக்குச் செல்லலாம். 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அவ்வூரில், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலில், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பத்தை அவசியம் பாருங்கள். தமிழ்நாட்டில் அது அரிய காட்சி. மழை பெய்த மறுநாள் கால்வாய்க் கரை மண் பாதையில் ஏறினால், மட்கார்டுக்குள் களிமண் அப்பிச் சக்கரமே சுழலாது. அன்று தார்ச்சாலையே உத்தமம். நடவு முடிந்த வயலின் வரப்பில் வண்டி ஏற்றுவது எந்நாளும் தகாது. மாலையில் அழகர்கோயில் செல்லுங்கள். ஆனால் அழகர்மலைக் காட்டுக்குள் வண்டி ஓட்டும் எண்ணம் வேண்டாம், அது வனத்துறைக்கு உட்பட்ட பகுதி.