வாசகர் கேள்வி: சொந்தமாக ஒரு வன்பொருள் விவரிப்பு மொழி

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காகச் சிறிய வன்பொருள் விவரிப்பு மொழி (மின்னணுச் சுற்றை எழுத்தில் விவரிக்கும் மொழி) ஒன்றை உருவாக்குகிறோம். சி மொழியைப் போல வரிக்கு வரி மதிப்பு ஏற்றும் முறையையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். சி மொழியில் ஒரு வரி முடிந்த பிறகே அடுத்த வரி ஓடும். சுற்றில் எல்லா தர்க்க வாயில்களும் (லாஜிக் கேட்) எந்நேரமும் சேர்ந்தே இயங்குகின்றன. அ, ஆ என்ற இரண்டு ரெஜிஸ்டர்கள் (கடிகாரத் துடிப்பின்போது மட்டும் மதிப்பு மாறும் நினைவக உறுப்புகள்) ஒரே கடிகாரத் துடிப்பில் மதிப்பை இடமாற்றிக்கொள்ள வேண்டும் என்று வையுங்கள். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள வன்பொருள் விவரிப்பு மொழியான வெரிலாக்கில் ஒரே தொகுதிக்குள் 'அ = ஆ; ஆ = அ;' என்று எழுதினால் இரண்டிலும் ஆ-வின் பழைய மதிப்பே நிற்கும். '<=' போட்டால் வலப்பக்கங்கள் முதலில் கணக்கிடப்பட்டு, பிறகே மதிப்புகள் மாறும். '=' வரிகள் இரண்டும் தனித்தனித் தொகுதிகளில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: எது முதலில் ஓடும் என்பதை வெரிலாக் தரநிலை வரையறுக்கவில்லை; சிமுலேட்டருக்குச் சிமுலேட்டர் (சுற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) விடை மாறலாம். 1980களில் அந்த மொழி சிமுலேஷனுக்காகப் பிறந்தது, சிந்தசிஸ் (எழுதியதை உண்மையான சுற்றாக மாற்றுவது) பின்னால் வந்து சேர்ந்தது. புதிதாகத் தொடங்கும் நீங்கள் அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை.

ரெஜிஸ்டரைத் தனியாக அறிவிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'அடுத்த மதிப்பு' ஒரே இடத்தில்தான் தரப்படலாம். இரண்டாவது வந்தால் கம்பைலர் பிழை காட்டட்டும். மற்ற பெயர்கள் எல்லாம் வெறும் கம்பிகள். வரிகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் அதே சுற்று கிடைக்க வேண்டும். கம்பிகளின் சார்பு வரைபடத்தில் (எது எதன் மதிப்பைச் சார்ந்தது என்ற படத்தில்) ரெஜிஸ்டர் குறுக்கிடாத வளையம் இருந்தால் அதுவும் பிழை. அந்த வளையத்தில் உள்ள பெயர்களை வரிசையாக அச்சிடுங்கள்; இல்லாவிட்டால் பெரிய வடிவமைப்பில் தேடி மாளாது.

கேள்வி: வெரிலாக்கில் நாங்கள் எழுதாத லாட்ச் (மதிப்பைப் பிடித்துவைக்கும் நினைவக உறுப்பு) எங்கிருந்து வருகிறது?

பதில்: கடிகாரம் இல்லாத தொகுதியில் 'இஃப்' எழுதி, 'எல்ஸ்' எழுதாமல் விட்டிருப்பீர்கள். நிபந்தனை பொய்யாகும்போது பழைய மதிப்பு நிலைக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். நினைவகம் இல்லாமல் அது நடக்காது. தொகுதியின் தொடக்கத்திலேயே இயல்பு மதிப்பு கொடுத்தால் சரியாகிவிடும். உங்கள் மொழியில் கம்பிக்கு 'எல்ஸ்' கட்டாயமாகட்டும். ரெஜிஸ்டருக்கு மட்டும் அதை எழுதாமல் விடலாம். பழையதை வைத்திருப்பது அதன் வேலைதானே.

கேள்வி: 8 பிட் எண்கள் இரண்டைக் கூட்டினால் விடை எத்தனை பிட்?

பதில்: 9. 255 + 255 = 510. வெரிலாக்கில் விடையை 8 பிட்டில் ஏற்றினால் மேல் பிட் பிழைச்செய்தி இல்லாமலே உதிரும். வெட்டுவதை எழுதுபவரே வெளிப்படையாகச் சொல்லட்டும். ஆனால் 8 பிட் கவுண்டர்களுக்கு (எண்ணும் சுற்றுகளுக்கு) 255-க்குப் பின் 0 வருவதே தேவை; அதற்கென அகலம் மாறாத கூட்டல் குறி ஒன்றைத் தனியே வையுங்கள்.